எக்ஸ்230 பயோஸில் மறைந்துள்ள அமைப்புகளைத் திறப்பது: திரும்பி வரும் வழி முதலில்

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 12

லெனோவோவின் பழைய மடிக்கணினியான திங்க்பேட் எக்ஸ்230 ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் வேகமான வைஃபை கார்டைப் பொருத்தினால், 1802 என்ற எண்ணோடு அனுமதியில்லாத கார்டு என்று காட்டிவிட்டுத் துவக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றி எழுதினால் இந்தத் தடை நீங்கும் என்றும், மறைத்து வைக்கப்பட்ட அட்வான்ஸ்டு மெனுவும் தெரியும் என்றும் சொல்கிறார்கள். கணினி செத்துப்போகாமல் இதைச் செய்ய முடியுமா?

2024 ஜனவரி 14

முடியும். இதே எக்ஸ்230-இல் 2 ஆண்டுகளுக்கு முன் நான் செய்தேன். இதை எழுதுவதும் அந்தக் கணினியில்தான். ஆனால் எப்படி மாற்றுவது என்று கேட்பதற்கு முன், மாற்றியது தவறாகிவிட்டால் எப்படித் திரும்புவது என்ற கேள்விக்கு உங்கள் மேசையின் மீது விடை இருக்க வேண்டும். பயோஸ் கெட்ட மடிக்கணினியில் திரை ஒளிராது, பென் டிரைவைப் படிக்காது, எந்த விசையை அழுத்தினாலும் பயன் இருக்காது. அந்த நிலையில் உங்களைக் காப்பாற்றக்கூடியவை இரண்டுதான்: சிப்பில் முதலில் இருந்த உள்ளடக்கத்தின் பழுதில்லாத நகல், அந்த நகலைக் கணினியின் துணையின்றி வெளியிலிருந்தே சிப்பில் எழுதும் கருவி.

எக்ஸ்230-இல் பயோஸைச் சேமித்து வைக்கும் 2 ஃப்ளாஷ் சிப்புகள் உள்ளன. ஒன்று 8 எம்பி, மற்றொன்று 4 எம்பி. விசைப்பலகையையும் கை வைக்கும் தட்டையும் கழற்றினால், மதர்போர்டின் மீது கருப்பு பிளாஸ்டிக் தாள் ஒன்று தெரியும். அதை மெல்லத் தூக்கினால் 8 கால்களோடு இரண்டும் அருகருகே இருக்கும். திரைக்கு நெருக்கமாக இருப்பது 4 எம்பி. பயோஸ் பகுதியின் மொத்த அளவு 7 எம்பி. அது சிறிய சிப் முழுவதையும் பெரிய சிப்பின் கடைசி 3 எம்பியையும் பிடித்துக்கொள்கிறது. பெரிய சிப்பின் முன்பகுதியில் இன்டெல் டிஸ்கிரிப்டர் (சிப்பின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணை), ஈதர்நெட் முகவரி, மேனேஜ்மென்ட் எஞ்சின் (இன்டெல்லின் துணைச் செயலிக்கான நிரல்) ஆகியவை உள்ளன. ஆகவே இரண்டு சிப்புகளையும் படித்து வையுங்கள். மாற்றப்போவது சிறியதை மட்டும்தான் என்று பெரியதை விட்டுவிடாதீர்கள்.

2024 ஜனவரி 15

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். உங்களுக்குத் தேவை வைஃபை மட்டும்தான் என்றால், பயோஸைத் தொடாமலே ஓரளவுக்குத் தீர்வு உண்டு. இன்டெல் 6300 கார்டு அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. லெனோவோவின் உதிரிபாக எண் அச்சிட்ட கார்டாகப் பார்த்து வாங்கினால் 1802 வராது. ஏசி என்ற வைஃபை வகையின் கூடுதல் வேகம் கிடைக்காது என்பது மட்டும்தான் குறை. அந்த வேகம் வேண்டும், இன்டெல் 7260 போன்ற கார்டைத்தான் போடுவேன் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2024 ஜனவரி 17

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, கணினியைப் பிரிக்காமல் மென்பொருளால் மட்டும் செய்வது. மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலிகளைக் கொண்ட திங்க்பேட்களுக்கு '1வைரெய்ன்' என்ற திட்டம் இதைச் செய்கிறது. பழைய பயோஸ் பதிப்புகளில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தி எழுதும் தடையை அது நீக்கிக்கொள்கிறது. அதனால் எக்ஸ்230-இல் 2.60 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு இருக்க வேண்டும். இரண்டாவது, 8 கால் சிப்பின் மீது கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுதுவது.

நான் தேர்ந்தெடுத்தது கிளிப். மென்பொருள் வழியில் அனுமதிப் பட்டியலும் நீங்கும், அட்வான்ஸ்டு மெனுவும் வரும். ஆனால் எழுதுகிற நேரத்தில் ஏதாவது தடுமாறினால் மீட்பதற்கு எப்படியும் கிளிப்தான் தேவைப்படும். கடைசியில் தேவைப்படப்போகிற கருவியை முதலிலேயே வாங்கி, அதைக் கையாளவும் பழகிக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. கிளிப் வழியாக எழுதினால், இயங்குதளத்திலிருந்து ஃப்ளாஷை எழுதவிடாமல் தடுக்கும் பூட்டுகளை நான் கழற்ற வேண்டியதில்லை. பயோஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ-இல் ஒளிந்துகொண்டு உண்மையான தாக்குதல் ஒன்றில் பயன்பட்ட லோஜாக்ஸ் என்ற ரூட்கிட்டை (மறைந்து இயங்கும் தீநிரல்) 2018-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. வைஃபை கார்டு ஒன்றுக்காக அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2024 ஜனவரி 21

கருவியைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது கருப்பு நிறச் சிறிய பலகையில் வரும் சிஎச்341ஏ புரோகிராமர். நான் வாங்கியதும் அதுதான். சிப்போடு இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன்: மின்சாரம் கொடுக்கும் காலில் 3.3 வோல்ட் சரியாக இருந்தது. தரவுக் கால்களிலோ 5 வோல்ட் வந்தது. எக்ஸ்230-இன் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு வேலை செய்ததாகப் பலர் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிப்போடு மதர்போர்டின் பிற பகுதிகளும் இணைந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்து, அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி. அதன் கால்கள் இயல்பிலேயே 3.3 வோல்ட். 17ஆம் காலிலிருந்து மின்சாரம், 25ஆம் கால் கிரவுண்டு, 19, 21, 23, 24 ஆகிய நான்கும் சிப்போடு தரவைப் பரிமாறும் எஸ்பிஐ இணைப்புக்கு. கணினியின் பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துவிட்ட பிறகே கிளிப்பை மாட்ட வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் உள்ள சிறு குழிப்புள்ளிதான் 1ஆம் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். மேசை விளக்கை நேராகப் பிடித்தால் அந்தப் புள்ளி தெரியவில்லை. சாய்த்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி பிடித்தபோதுதான் தெரிந்தது.

ஃப்ளாஷ்ரோம் மென்பொருளால் முதல் முறை படித்தேன். இரண்டாவது முறையும் படித்து, இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ256 மதிப்புகளை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டினேன். அப்போதும் பொருந்தவில்லை. 20 சென்டிமீட்டர் கம்பிகளை 10 சென்டிமீட்டராகக் குறைத்து, வேகத்தையும் 512 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிய பிறகு அடுத்தடுத்து மூன்று முறை ஒரே மதிப்பு வந்தது. முதல் நகலையே நம்பி எழுதத் தொடங்கியிருந்தால், திரும்பி வரும் வழி என்று நான் நினைத்திருந்தது வெறும் குப்பைக் கோப்பாக இருந்திருக்கும்.

2024 ஜனவரி 22

மதிப்பு பொருந்தினால் போதும் என்பது போல நேற்று எழுதிவிட்டேன். அது போதாது. கிளிப் சிப்பைச் சரியாகத் தொடாவிட்டாலும் கோப்பு முழுவதும் எஃப்எஃப் என்ற வெற்றுப் பைட்டாகவே வரக்கூடும். அதை எத்தனை முறை படித்தாலும் மதிப்பு ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே படித்த கோப்பை, பயோஸைப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐ டூலில் திறந்து, உள்ளே பகுதிகளும் மாட்யூல்களும் (நிரல் துண்டுகள்) ஒழுங்காகப் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். சிப்புகளைத் தனித்தனியாகப் படித்திருப்பீர்கள் என்பதால், 8 எம்பி கோப்பின் பின்னால் 4 எம்பி கோப்பைச் சேர்த்து 12 எம்பியாக்கித் திறக்க வேண்டும்.

அதற்கடுத்த படியைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எதையும் மாற்றாத அந்த அசல் கோப்பையே ஒரு முறை சிப்பில் எழுதி, சரிபார்த்து, கணினியை மறுபடி பொருத்தி மூடி, துவக்கிப் பாருங்கள். துவங்கினால் உங்கள் கம்பி, கிளிப், நகல், கை எல்லாமே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு என்ன மாற்றினாலும் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். எழுதும்போது மின்சாரம் போய்விடக் கூடாது; நான் ராஸ்ப்பெரி பையை யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தேன்.

2024 பிப்ரவரி 3

"உங்கள் நகலை அனுப்புங்கள், நான் அதையே எழுதிக்கொள்கிறேன்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்ப மாட்டேன், நீங்களும் யாரிடமும் வாங்கி எழுதாதீர்கள். அந்தக் கோப்பில் கணினியின் தொடர் எண், தனி அடையாள எண், ஈதர்நெட் முகவரி ஆகியவை இருக்கின்றன. விண்டோஸ் 8-க்குப் பின் வந்த பல கணினிகளில் உரிமச் சாவியும் இருக்கிறது. இன்னொருவருடைய நகலை எழுதினால் உங்கள் கணினி அவருடைய கணினியாகிவிடும். வீட்டில் இரண்டும் ஒரே வலையமைப்பில் இருந்தால் முகவரி மோதலும் வரும்.

2024 பிப்ரவரி 11

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். கார்டைச் சரிபார்ப்பது பயோஸுக்குள் இருக்கும் ஒரு தனி மாட்யூல். பொருத்தப்பட்ட கார்டின் அடையாள எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லையென்றால் 1802-ஐக் காட்டி நிறுத்துகிறது. ஒப்பிட்ட பின் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்கும் கட்டளையை மாற்றினால், எந்தக் கார்டு வந்தாலும் அனுமதிக்கும். மாட்யூல் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால், மாற்றிய கோப்பை அசலோடு நேரடியாக ஒப்பிட்டால் ஏராளமான பைட்டுகள் வேறுபட்டுத் தெரியும். இரண்டிலிருந்தும் அந்த மாட்யூலை விரித்து எடுத்து ஒப்பிட்டால், உண்மையில் மாறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. யாரோ வெளியிட்ட மாற்றத்தைப் பயன்படுத்துவதானாலும் இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

எழுதிய பிறகு என் எக்ஸ்230 துவங்கியது, புதிய கார்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் 5 பீப் ஒலிகள் கேட்டன. பயோஸின் உள்ளடக்கத்துக்கு ஒரு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. நான் பைட்டுகளை மாற்றியதால் அது பொருந்தவில்லை. நல்லவேளையாக, இந்தத் தலைமுறையில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியும் அதே கோப்பிலேயே இருக்கிறது. புதிய சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப்பகுதியை உள்ளே வைத்து, மறுபடி கையொப்பமிட்டதும் ஒலி நின்றது.

மறைந்த மெனுக்களின் கதை வேறு. பயோஸ் அமைப்புத் திரை ஒரு படிவம் போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் எந்த நிபந்தனையில் காட்டக் கூடாது என்பதற்கு ஒரு கட்டளை உண்டு. நிபந்தனை '46' என்றால் எப்போதும் மறைக்கும், '47' என்றால் ஒருபோதும் மறைக்காது. தயாரிப்பாளர் ஒற்றை இலக்கத்தால் மறைத்த வரியை, அதே இலக்கத்தை மாற்றித் திறந்துவிடலாம். இது நேரடியாக எழுதப்பட்ட மறைப்புக்குப் பொருந்தும். வேறு அமைப்பின் மதிப்பைப் பார்த்து மறைக்கும் வரிகளில் நிபந்தனை நீளமாக இருக்கும்.

மெனுவைத் திறக்காமலே அமைப்பை மாற்றவும் வழி உண்டு. பெரும்பாலான தேர்வுகள் 'செட்டப்' என்ற பெயருள்ள ஒரு மாறியில் பைட்டு பைட்டாகச் சேமிக்கப்படுகின்றன. எத்தனையாவது பைட்டு எந்த அமைப்புக்கு உரியது என்பதைப் படிவத்திலிருந்து எடுத்து, அந்த ஒரு பைட்டை மட்டும் மாற்றினால் போதும். பயோஸ் நிரலைத் தொடுவதில்லை, கையொப்பமும் கெடுவதில்லை என்பதால் இந்த வழியே பாதுகாப்பானது.

2024 பிப்ரவரி 12

அவசரமாக ஒரு சேர்க்கை: பைட்டின் இடம் பயோஸ் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உங்கள் சிப்பிலிருந்து படித்த கோப்பிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.

2024 மார்ச் 9

பிப்ரவரி 11-இல் "இந்த வழியே பாதுகாப்பானது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மைத்துனருடைய மடிக்கணினியில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை அதிகமாக்கித் தரச் சொல்லிக் கேட்டார். மெனுவில் அந்த வரி இல்லை. மாறியின் பைட்டை மாற்றுவதுதானே, கணினியைப் பிரிக்கவே வேண்டியதில்லை என்று எண்ணி, தயாரிப்பாளரின் தளத்தில் இருந்த பயோஸ் கோப்பைத் தரவிறக்கி, அதிலிருந்து இடத்தை எடுத்தேன். கணினியில் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. பிப்ரவரி 12-இல் நானே எழுதிய எச்சரிக்கையை நானே மறந்தேன். புதிய பதிப்பில் இடையில் சில அமைப்புகள் சேர்ந்திருந்ததால், என் பைட்டு வேறொரு அமைப்பின் மேல் போய் விழுந்தது. மறுதுவக்கம் செய்ததும் மின்விசிறி சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது.

கடிகார பேட்டரியைக் கழற்றி ஒரு இரவு முழுக்க வைத்தேன். மேசைக்கணினிகளில் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் அது. இங்கே பலிக்கவில்லை, ஏனென்றால் அந்த மாறி இருப்பது பேட்டரியால் உயிர்வாழும் நினைவகத்தில் அல்ல, ஃப்ளாஷ் சிப்பிலேயே. பிரித்துப் பார்த்தபோது சிப்பின் மீது வின்பாண்ட் 25க்யூ128 என்று தொடங்கி எஃப்டபிள்யூ என்று முடிந்தது. எஃப்வி என்று முடிந்திருந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட். பூதக்கண்ணாடி இல்லாமல் அந்தக் கடைசி எழுத்தை நான் தவறாகப் படித்திருப்பேன், நேராக 3.3 வோல்ட்டைக் கொடுத்திருப்பேன். 1.8 வோல்ட் அடாப்டர் வந்து சேர 8 நாட்கள் ஆயின. அதுவரை அவர் பிள்ளையின் பள்ளி வேலைக்கு என் எக்ஸ்230-ஐக் கொடுத்திருந்தேன்.

சிப் தீய்ந்துபோகவில்லை என்பதால் படிக்க முடிந்தது. ஃப்ளாஷ் நினைவகத்தில் அழிக்காமல் 1-ஐ 0 ஆக்கலாம், 0-ஐ 1 ஆக்க முடியாது. அதனால் ஃபர்ம்வேர் (சிப்பில் உள்ள பயோஸ் நிரல்) ஒரு மாறியைப் புதுப்பிக்கும்போது பழையதன் மேல் எழுதாமல், புதிய பிரதி ஒன்றைப் பின்னால் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாததாகக் குறித்துவிடுகிறது. நான் கெடுப்பதற்கு முந்தைய 'செட்டப்' பிரதி அப்படியே அங்கே கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பைட்டுதான் வேறுபட்டது. நடப்புப் பிரதியில் அந்த ஒன்றைப் பழைய மதிப்புக்கு மாற்றி எழுதியதும் திரை வந்தது.

நிரலை மாற்றுவது, மாறியை மாற்றுவது என்ற இரண்டில் எது பாதுகாப்பானது என்று கேட்டதே தவறான கேள்வி. என் எக்ஸ்230-இல் நிரலையே மாற்றினேன், ஆனால் சரிபார்த்த நகல் கையில் இருந்தது. அவருடைய கணினியில் ஒரே பைட்டைத்தான் மாற்றினேன், நகல் இல்லை.

2024 மார்ச் 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, புதிய கணினிகளிலும் நகல் இருந்தால் எதையும் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். இல்லை. 2013-இல் வந்த 4ஆம் தலைமுறைச் செயலிகளோடு இன்டெல் பூட் கார்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் அதை இயக்கியிருந்தால், கையொப்பச் சாவியின் அடையாளம் ஒருமுறை எரித்தால் மாற்றவே முடியாத ஃப்யூஸ்களில் பதிந்துவிடும். எக்ஸ்230-இல் நான் செய்ததுபோல் சொந்தச் சாவியை உள்ளே வைத்துக் கையொப்பமிட்டு ஏமாற்ற முடியாது. காக்கப்பட்ட பகுதியில் ஒரு பைட்டு மாறினாலும் கணினி துவங்க மறுக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் எல்லா மாடல்களிலும் இதை இயக்கவில்லை என்பதால், உங்கள் மாடலில் நிலை என்ன என்று முதலில் அறிய வேண்டும். அசல் நகல் இருந்தால் அப்போதும் மீண்டுவிடலாம், முன்னேறத்தான் முடியாது.

விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் பயன்படுத்துவோர் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஃபர்ம்வேர் மாறியதை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் கண்டுகொண்டால் வட்டு அந்தச் சாவியைக் கேட்கும்.

2024 ஏப்ரல் 2

செயலியின் மின்னழுத்தத்தைக் குறைத்து வெப்பத்தைத் தணிக்கும் வசதி, ஒரு பயோஸ் புதுப்பிப்புக்குப் பின் காணாமல் போனதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். அதன் பின்னணி இது. 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதல் வெளியானது: மின்னழுத்தத்தை மென்பொருளால் இறக்கி, இன்டெல் செயலிகளில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் நடக்கும் கணக்குகளைப் பிழையாக்கி, அதன் வழியாக இரகசியங்களை எடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் மின்னழுத்தத்தை மாற்றும் வழியைப் பூட்டின. அந்தத் தாக்குதலுக்கு முதலில் கணினியின் நிர்வாகி உரிமை வேண்டும், குறி எஸ்ஜிஎக்ஸ். வீட்டில் எஸ்ஜிஎக்ஸ் பயன்படுத்தாதவர் அந்தப் பூட்டைத் திறந்துகொள்வது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் அதைச் செய்யும் பைட்டின் இடத்தைப் பிறர் எழுதியதிலிருந்து எடுக்காதீர்கள். மார்ச் 9-ஐ மறுபடி படியுங்கள்.

2024 ஏப்ரல் 7

இயங்குதளத்துக்குள்ளிருந்தே ஃப்ளாஷை எழுதினால் என்ன என்ற கேள்வி மீண்டும் வந்திருக்கிறது. நான் ஏன் தயங்குகிறேன் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2017-இல் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் (ஃப்ளாஷ் சிப்போடு பேசும் நிரல்), பயனர் எதையும் கேட்காமலே லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் ஃப்ளாஷைப் பாதித்தது. பயோஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியவில்லை. சிலவற்றில் யுஎஸ்பியிலிருந்து துவக்கவும் முடியவில்லை. டிசம்பரில் தரவிறக்கத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

2024 ஏப்ரல் 20

முதல் கேள்வியைக் கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். இரண்டு சிப்புகளையும் மும்முறை படித்தார், மதிப்புகள் பொருந்தின, அசலையே எழுதித் துவக்கியும் பார்த்தார். அதன் பிறகு மாற்றிய கோப்பை எழுதினார். 7260 கார்டு இயங்குகிறது, 1802 வரவில்லை. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இப்போது அட்வான்ஸ்டு மெனுவையும் திறக்கட்டுமா என்று கேட்கிறார். திறந்து பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயோஸ் நிறுவனங்கள் பல போர்டுகளுக்கும் பொதுவாக எழுதிய படிவம் அது; அதில் உள்ள பல வரிகளுக்கு உங்கள் போர்டில் வேலையே இல்லை. செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை ஏற்றும் வரி அதில் இருக்கலாம், ஆனால் உங்கள் ஐ5-3320எம் பெருக்கி பூட்டப்பட்ட 35 வாட் செயலி, அதுவும் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. அந்த மதிப்பை ஏற்றினாலும் எதுவும் நடக்காது. நினைவக நேர அளவுகளையும் திரைத் தேர்வையும் தொடாதீர்கள். திரையைக் கருப்பாக்கக்கூடியவை அவை. ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி, பழைய மதிப்பை எழுதி வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் சிப்புகளின் மேல் அந்தக் கருப்புத் தாள் இல்லை. கை வைக்கும் தட்டைத் திருகுவதற்கு முன் அதை எடுத்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள்.